தட்டப்பயறு ஊறிய தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த டானிக் பாட்டிலை விற்றவன் நான்தான். மாரிச்செல்வியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்க சுந்தரபாண்டியபுரத்தில் நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். அவர்களும் எழுத மாட்டார்கள், எழுதுகிறவனையும் விட மாட்டார்கள். கிடக்கட்டும்.

என் பெயர் விஜயசங்கர். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன். சூரியகாந்தி பூக்கிற மாதங்களில் காரில் வந்து இறங்கி, வயலுக்குள் நின்று போட்டோ எடுத்துவிட்டு, என் கடையில் வந்து ஐஸ் தண்ணீர் கேட்பார்கள். "இது உரக்கடை, யூரியா வேணும்னா ஒரு கரண்டி கலக்கித் தரட்டா?" என்று கேட்டு அனுப்புவேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கோபத்தில் ஒருநாள் ஊர் முன்னால் ஒரு வார்த்தையை விட்டேன். அதற்கு என் விரல்களே எனக்கு எதிராகச் சாட்சி சொன்ன கதைதான் இது.

மாரிச்செல்விக்கு நாற்பத்து மூன்று வயது. தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். பிளஸ் டூவில் வேதியியலில் நாலு மார்க்கில் பெயிலாய்ப் போனவள். "அந்த நாலு மார்க்கை வச்சுக்கிட்டு அந்த வாத்தியார் என்ன பண்ணுதாரோ" என்று இன்னமும் சொல்லிச் சிரிப்பாள். கணவர் பிச்சையா, குற்றாலம் சீசனில் ஐந்தருவிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இவள் தென்காசியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர். பதினாறு வருஷமாக அங்கே இவளுடைய முக்கியமான வேலை கண்ணாடிக் குவளைகளைக் கழுவுவதும், விதைகளை நூறு நூறாக எண்ணி வைப்பதும்தான்.

அந்த ஆய்வகத்தில் அதீபா என்று ஒரு பேராசிரியை. கடையநல்லூர்க்காரர். விதை தண்ணீரில் ரொம்ப நேரம் கிடந்தால் ஏன் சேதமாகிறது, செடிக்குள் சுரக்கிற ஹார்மோன்களை அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கலந்தால் சேதம் கூடுமா குறையுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒருதரம் மாரிச்செல்வி இதைச் சொன்னபோது, "விதையை ஊறப்போட்டு வேடிக்கை பாக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டேன்.

அது அவள் ஆபீஸ் வேலை. ஊரில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் உழவர் குழுவில் பத்துப் பெண்கள் விதை எடுத்துக் காயவைத்து, பொறுக்கி, குழு மூலமாகக் கொடுக்கிறார்கள். தட்டப்பயறு மாரிச்செல்வி பொறுப்பு. மற்றவர்கள் மூட்டையில் விதையின் பெயரை மட்டும் எழுதுவார்கள். இவள் தன் பெயரையும் எழுதுவாள். "மாரிச்செல்வி, சுந்தரபாண்டியபுரம்" என்று நீல பெயின்டில். விதை மூட்டையில் பெயர் எழுதுவது எங்கள் பக்கம் ரொம்பத் துணிச்சலான காரியம். முளைக்காவிட்டால் ஆள் தேட வேண்டாம், நேராக வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

அப்படித்தான் வந்தார்கள்.

போன மாசியில் பிசானப் பருவத்து நெல் அறுத்த கையோடு என் சித்தப்பா பால்வண்ணநாதன் எட்டு ஏக்கரில் தட்டப்பயறு விதைப்பது என்று முடிவு செய்தார். கோயில் காரியம், நிலம், மரியாதை என்று வாழ்ந்த மனுஷன். எழுபது வயதுக்குள் நெல்லைத் தவிர வேறு விதையைத் தொட்டதில்லை. மாரிச்செல்வி விதையில் ஐந்து மூட்டை எடுத்தார். வயலில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. சீக்கிரம் முளைக்க வேண்டுமே என்ற பதைப்பில் என் கடைக்கு வந்தார்.

"ஏல சங்கரா, நெல்லு மாதிரி இதையும் ஊறப்போட்டு முளைகட்டிட்டு வெதைச்சா என்ன?"

நெல் குடும்பத்தில் பிறந்த எவனுக்கும் அந்த யோசனைதான் வரும். நெல்லை ஒரு முழு நாள் தண்ணீரில் போட்டு, வடித்து, சாக்கில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் விதைப்பதுதான் எங்கள் கைக்குத் தெரிந்த விதைப்பு. எங்களைப் பொறுத்தவரை ஊறாத விதை தூங்குகிற விதை.

"தாராளமா போடுங்க சித்தப்பா," என்றேன். "ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். கூட இதுல நாலு மூடி ஊத்துங்க. கிடுகிடுன்னு வரும்."

நான் எடுத்துக் கொடுத்தது ஒரு வளர்ச்சி டானிக். ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் கலந்தது. இலையில் தெளிக்க வேண்டியது என்று லேபிளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கம்பெனிக்காரன் மேல் குற்றமே இல்லை. இலைக்கு நல்லதென்றால் விதைக்கு மட்டும் ஆகாமலா போய்விடும் என்று முடிவுகட்டிய மேதாவி நான்தான்.

சித்தப்பா தோட்டத்து சிமெண்ட் தொட்டியில் நாலு மூட்டையைக் கொட்டி ஊறவைத்தார். ஒரு மூட்டையைத் தைத்தபடியே மிச்சம் வைத்தார். மறுநாள் வடிக்கும்போதே நாற்றம் அடித்ததாம். நெல்லும்தான் நாறும் என்று விட்டுவிட்டார். சாக்கில் கட்டினார், விதைத்தார். பத்து நாள் ஆகியும் எட்டு ஏக்கரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செடி நின்றது. மண்ணைக் கிளறினால் விதை கூழாக விரலில் ஒட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவின் கூட்டம் கூடியது. தலைவி முத்துவடிவு ஆச்சி நடுவில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா எழுந்து, காலி சாக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தார். நீல பெயின்டில் அவள் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"இது பொய் விதை. பேரை எழுதி ஊரை ஏமாத்துத வேலை. இந்தப் பேரை விதை நோட்டுல இருந்து அடிக்கணும்."

நோட்டில் பெயர் அடிபட்டால் அவ்வளவுதான். அதன் பிறகு அவளிடமிருந்து குழு ஒரு படி விதை வாங்காது. அதைவிட, சந்தையில் நின்றால் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். மாரிச்செல்வி முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அழவில்லை, சத்தியமும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஐயா, ஊறப்போட்ட தொட்டி எங்கன இருக்கு? அதைக் கழுவிட்டீயளா?"

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்? தோட்டத்துல அப்படியேதான் கிடக்கு."

கூட்டமே எழுந்து தோட்டத்துக்குப் போனது. தொட்டியின் உட்சுவரில் பழுப்பாக ஒரு படலம் காய்ந்து கிடந்தது. அவள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, நடுவிரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது. மோந்து பார்த்தாள்.

"விதை பொய்யில்ல ஐயா. நல்லா இருந்த விதையைத் தண்ணியில போட்டுக் கொன்னிருக்கீய. இதுல என்ன ஊத்துனீய?"

சித்தப்பா என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "பாட்டில் கழுவுதவளுக்கு விதையைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பிச்சையாவுக்குக் கை முறுக்கிக்கொண்டது. அவள் அவரைப் பின்னால் தள்ளிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கழுவுதவளுக்குத்தான் அண்ணாச்சி தெரியும். பதினாறு வருஷமா விதை ஊறுன குவளையைத்தான் கழுவுதேன். எந்தக் குவளை சுலபமா கழுவ வருமோ அந்த விதை முளைக்கும். எது வழுவழுன்னு கையை விட்டுப் போகாதோ அது முளைக்காது. தண்ணி திடுதிடுன்னு உள்ள பாஞ்சா விதை உள்ளுக்குள்ள கிழிஞ்சிரும். முளைக்கிறதுக்கு வச்சிருந்த சத்தையெல்லாம் தண்ணியிலேயே கக்கிரும். அந்தச் சத்துதான் இந்த வழுவழுப்பு."

சொல்லிவிட்டு அதீபா மேடத்துக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தாள். அங்கேதான் அவளுக்கு அடி விழுந்தது. அதீபா பொய் சொல்லத் தெரியாத பெண். "மாரியக்கா சொல்றது சரிதான்," என்றார். "ஆனா பழைய விதை, கெட்ட விதை ஊறினாலும் இதே மாதிரிதான் கசியும். தொட்டியை மட்டும் வெச்சு விதை நல்ல விதைன்னு என்னால சொல்ல முடியாது. அதே விதை மிச்சம் இருந்தா சோதிச்சுப் பாக்கலாம்."

"கேட்டியளா!" என்றேன் நான். அடடா, எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

மாரிச்செல்வி போனை மடியில் சொருகிக்கொண்டு சொன்னாள்: "ஒரு மூட்டை தையல் பிரிக்காம இருக்குல்லா? அதுல இருந்து எடுங்க. அண்ணாச்சி கடையிலேயே வைப்போம், அவுக கண்ணு முன்னாலேயே. நான் வீட்டுக்குக் கொண்டுபோனா அதையும் பொய்ம்பாக."

முத்துவடிவு ஆச்சி தீர்ப்பு சொன்னார். விதைத்து எட்டாம் நாள், அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம், என் கடை வாசலில் வைத்து எண்ண வேண்டும். ஊறப்போடாத விதையில் நூற்றுக்கு எழுபத்தைந்து முளைத்தால் பெயர் நிற்கும். குறைந்தால் அங்கேயே அடித்துவிட வேண்டியது.

திங்கட்கிழமை காலையில் மூட்டையின் தையலைச் சித்தப்பாவே பிரித்தார். மாரிச்செல்வி ஒரு கையளவு அள்ளித் தட்டில் போட்டு எண்ண ஆரம்பித்தாள். அவள் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் ஐந்து ஐந்தாகத் தள்ளும், வாய் அசையாது. நானூறு விதை எண்ணி முடிக்கும்போது நான் ஒரு டீ குடித்து முடிக்கவில்லை. அதீபாவும் ஒரு சின்னக் குப்பியோடு வந்திருந்தார். ஒரு நூறை மாரிச்செல்வி அப்படியே காய்ந்தபடி எடுத்து வைத்தாள். மற்ற மூன்று நூறும் மூன்று கண்ணாடிக் குவளைகளில் போய் விழுந்தன. முதல் குவளையில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் தண்ணீரோடு என் டானிக், சித்தப்பா ஊற்றிய அதே கணக்கில். மூன்றாவதில் அந்தக் குப்பியில் இருந்ததை அதீபா சொட்டுச் சொட்டாக விட்டார்.

"அது என்னம்மா?" என்று கேட்டேன்.

"அப்சிசிக் அமிலம். இதுவும் ஹார்மோன்தான். விதைக்குள்ளேயே கொஞ்சம் இருக்கும்."

எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. மாரிச்செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, ஆடி மாசம் ஐந்தருவிக்குப் போயிருக்கீயளா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல?"

"போகாம? மிதிபட்டே வந்திருக்கேன்."

"அங்கன போலீஸ்காரர் விசில் ஊதி, பத்து பத்து பேரா உள்ள விடுவாருல்லா, அவருதான் இந்தக் குப்பியில இருக்கிறவரு. 'பொறு, பொறு'ன்னு சொல்லுவாரு. உங்க டானிக் இருக்கே, அது வரிசைக்குப் பின்னால நின்னு எல்லாரையும் தள்ளுத ஆளு. வயல்ல அளவான ஈரத்துல தள்ளுனா நல்லதுதான், வரிசை நகரும். அருவிக்குள்ள வச்சுத் தள்ளுனா என்ன ஆகும்? தண்ணிக்குள்ள மூச்சுவிடக் காத்தும் கிடையாது. விதையை எழுப்பியும் விட்டுட்டு மூக்கையும் பொத்துனா அது என்னதான் செய்யும்?"

அதீபா சிரித்துக்கொண்டே, "இந்தப் பயறுல இப்படித்தான் எங்களுக்குத் தெரியுது, வேற விதையில வேற மாதிரி இருக்கலாம்" என்று சேர்த்தார். படித்தவர்கள் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை மாரிச்செல்வி வேலைக்குப் போகும் வழியில் வந்து மூன்று குவளைகளையும் வடித்தாள். ஆற்று மணல் நிரப்பிய நாலு தட்டுகளில் நாலு நூறையும் விதைத்தாள். காய்ந்த விதையையும் அப்போதுதான் ஈர மணலில் புதைத்தாள். பிறகு மூன்று காலிக் குவளைகளையும் என் முன்னால் வைத்தாள். எதில் எது இருந்தது என்று தெரியாதபடி அடியில் வெறும் கோடுதான் கிழித்திருந்தாள்.

"அண்ணாச்சி, இதை நீங்க கழுவுங்க."

"எது? நானா?"

"பாட்டில் கழுவுதவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கழுவிட்டுச் சொல்லுங்க."

டீக்கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஒரு குவளை இரண்டு தேய்ப்பில் கண்ணாடியாகிவிட்டது. இன்னொன்றுக்குச் சோப்பு போட வேண்டியிருந்தது. மூன்றாவது இருக்கிறதே, அப்பப்பா! சோப்பு போட்டேன், சாம்பல் போட்டேன், தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தேன். விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது, கையிலிருந்து வெண்டைக்காய்க் கோழை மாதிரி நூல் நூலாக வந்தது. கழுவக் கழுவ எனக்கு ஆத்திரம்.

"எந்தச் சனியன் இது?" என்று கேட்டேன்.

"அது புதன்கிழமை தெரியும். எது சுலபம், எது நடு, எது கஷ்டம்னு மூணு கோட்டையும் பாத்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. உங்க கையெழுத்துலேயே." நான் எழுதினேன். அவள் அதற்குக் கீழே எந்தக் கோடு எந்தத் தண்ணீர் என்று எழுதி மடித்து, கோந்து போட்டு ஒட்டி, என் கல்லாப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். பூட்டினேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தேன். டானிக் தட்டில் பச்சையாக ஏழு முளை! ஏழும் ஏழு ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றன. காய்ந்த விதைத் தட்டில் வெறும் மணல். நான் ஆடாத ஆட்டமில்லை. போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். "கடைசியில டானிக்தானலே ஜெயிச்சுது" என்று பஸ்ஸில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சாயங்காலம் மாரிச்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தாள். தட்டுகளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காய்ந்த விதைத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். தொட்டால் ஏதோ செய்துவிட்டாள் என்று சொல்வேன் என்ற பயம். அப்படிச் சொல்லக்கூடியவன்தான் நான்.

"என்னம்மா, போலீஸ்காரர் இன்னும் விசில் ஊதலையோ?" என்றேன்.

"தள்ளிக்கிட்டு வந்தவன் முதல்ல வருவான் அண்ணாச்சி. மொத்தம் எத்தனை பேரு வருதாகன்னு பாப்போம்." அன்றைக்கு வீட்டில் சோறே இறங்கவில்லையாம், பிறகு பிச்சையா சொன்னார். பதினாறு வருஷம் கையால் கற்றது பொய்யாகிவிடுமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். "நான் கழுவுதவ மட்டும்தானோ" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை காலையில் ஷட்டரை ஏற்றினேன். காய்ந்த விதைத் தட்டின் மணல் முழுக்க விரிசல் விட்டிருந்தது. ஒவ்வொரு விரிசலுக்குள்ளும் ஒரு பச்சைக் கழுத்து வளைந்து நின்றது. நான் எண்ணவில்லை, எண்ண மனசு வரவில்லை. மத்தியானம் பார்த்தால் பாதிக் கழுத்து நிமிர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மணலே தெரியவில்லை. டானிக் தட்டில் அந்த ஏழோடு இன்னும் சில வந்தன, பிறகு நின்றுபோயின. இரண்டு முளை தலை அழுகிச் சாய்ந்தும் கிடந்தன. போட்டோ எடுத்து அனுப்பியவன் இப்போது தட்டின் மேல் ஒரு யூரியா சாக்கை இழுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்த பிறகு இதை மட்டும் மறைப்பானேன்.

புதன்கிழமை சாயங்காலம் கடை வாசலில் நிற்க இடமில்லை. மாரிச்செல்வி கல்லூரிக்கு அரைநாள் லீவு போட்டு, கத்திரிப்பூ நிறச் சேலை கட்டி வந்திருந்தாள். முத்துவடிவு ஆச்சி விதை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, தானே எண்ணினார். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிச் சித்தப்பா கையில் கொடுக்கக் கொடுக்க அவர் வாங்கி வாங்கி அடுக்கினார்.

காய்ந்தபடி விதைத்த தட்டில் தொண்ணூற்று இரண்டு.

அந்த எண் வந்ததும் பிச்சையா போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுவிட்டார். வெறும் தண்ணீரில் ஊறிய தட்டில் நாற்பத்து ஒன்று. டானிக் தட்டில் பதினாறு. அதீபா சொட்டு விட்ட தட்டில், அதே தண்ணீரில் அதே நேரம் ஊறியும், எழுபத்து மூன்று.

"அண்ணாச்சி, அந்தப் பேப்பரை எடுங்க," என்றாள் மாரிச்செல்வி.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. கல்லாவைத் திறந்து எடுத்து ஆச்சியிடம் கொடுத்தேன். ஆச்சி பிரித்து உரக்க வாசித்தார். சுலபமாகக் கழுவ வந்தது: ஒரு கோடு. அது குப்பி மருந்துத் தண்ணீர். நடு: இரண்டு கோடு. வெறும் தண்ணீர். "கழுவவே முடியவில்லை, சனியன்" என்று நான் எழுதியிருந்தது மூன்று கோடு. என் டானிக்.

ஒரு முளைகூட வெளியே வராத அன்றைக்கே, எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல், என் விரல் ஊர் முன்னால் சரியாகச் சொல்லியிருந்தது. சொன்னது எனக்குத்தான் தெரியவில்லை. அவளுக்குப் பதினாறு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ஆய்வகத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதீபா அந்தப் பேப்பரை வாங்கி இரண்டு தரம் படித்தார். "மாரியக்கா, இதை ஏன் என்கிட்ட ஒருநாளும் சொல்லல?"

"கழுவுத வேலையில என்ன மேடம் சொல்லதுக்கு இருக்குன்னு நினைச்சேன்," என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

சித்தப்பா எழுந்தார். கையில் இன்னும் ஒரு பிடி முளை இருந்தது. சபையில் வளைந்து பேசி அவரை நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்கும் வளையவில்லை, நிமிர்ந்து நின்றுதான் பேசினார்.

"சபையில வச்சுப் பொய் விதைன்னு சொன்னேன். சபையில வச்சே சொல்லுதேன், இது நல்ல விதை. கெட்டது என் கை. நெல்லைத் தவிர ஒண்ணும் தெரியாத கை. மாரிச்செல்வி, மனசுல வச்சுக்காதம்மா." பிறகு முத்துவடிவு ஆச்சியிடம் நோட்டைக் கேட்டு வாங்கினார். ஆச்சி பேனாவையும் கொடுத்தார். அவள் பெயருக்கு நேரே, அடுத்த பட்டத்துக்கு விதை வேண்டுபவர் என்ற கட்டத்தில், முதல் ஆளாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

என் முறை வந்தது. யாரும் கூப்பிடவில்லை, ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "பாட்டில் கழுவுதவளுக்கு என்ன தெரியும்னு கேட்டேன்," என்று ஆரம்பித்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இப்பத் தெரியுது. என்னை மன்னிச்சிரும்மா." நான் இதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. என் மனைவி ஸ்ரீமதி கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை எனக்கும் ஒருதரம் சொல்லுங்கள் என்று இன்றுவரை பாடாய்ப் படுத்துகிறாள்.

மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி அண்ணாச்சி. அந்த டானிக் தட்டையும் கழுவி வச்சிருங்க" என்றாள். வாசலே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? கூட்டம் கலையும்போது மெல்ல அவள் பக்கத்தில் போய், "அந்தக் குப்பி மருந்து இருக்கே, அதைக் கடையில போட்டு வித்தா எப்படி?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி! திருந்தவே மாட்டீயளா? அது ஆய்வகத்துச் சாமான். விதைக்குள்ள என்ன நடக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. உங்களுக்கு ஒரு மருந்தும் வேண்டாம். ஊறப்போடாம ஈர மண்ணுல போடுங்க, அது தண்ணியைத் தானே மெதுவா குடிச்சுக்கிடும். முதல் தட்டுக்கு நான் என்ன மருந்து ஊத்துனேன்? தொண்ணூத்து ரெண்டு!"

மறுநாளே சித்தப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சி, ஈரம் பதமானதும் மிச்சமிருந்த மூட்டையைக் காய்ந்தபடியே விதைத்தார். முதல் கைப்பிடி மாரிச்செல்வி கையால் விழ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு ஏக்கர்தான் வந்தது. ஆறாம் நாள் காலையில் வரப்பில் நின்று எனக்கு வீடியோ கால் போட்டார். போனை வயல் பக்கம் நீட்டிக் காட்டினார். சால் சாலாகப் பச்சை. ஒரு இடம்கூட விட்டுப்போகவில்லை.

அதீபாவின் ஆய்வகத்தில் விதை சோதனைக் குறிப்பேட்டில் இப்போது ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு வேலையாகத் தென்காசி போனபோது பார்த்தேன். ஊறிய நேரம், ஹார்மோன் பெயர், அளவு, எத்தனை முளைத்தது என்று வரிசையாகப் போய், கடைசிக் கட்டத்தின் தலைப்பில் "மாரி" என்று இருக்கிறது. ஒவ்வொரு குவளையையும் கழுவிவிட்டு அந்தக் கட்டத்தில் அவள் சுலபத்துக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, கஷ்டத்துக்கு மூன்று என்று எழுத வேண்டும். எழுதாமல் அந்தப் பக்கத்தை மூடக்கூடாது என்பது அங்கே சட்டம். எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் நான் முதலில் சொல்லும் விஷயம் இதுதான், அவர்கள் யூரியா கேட்டு வந்திருந்தாலும் சரி.

இந்தப் பட்டத்து விதை மூட்டைகள் நேற்று தயாராகின. பெயின்ட் டப்பாவோடு அவள் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து முன்னைவிடப் பெரிதாக இருந்தது. பெயருக்குக் கீழே இப்போது ஒரு வரி கூடுதல்: "ஊறப்போடாமல் விதைக்கவும்." கோழி கிறுக்கின மாதிரி இருக்கே என்று வாயை விட்டேன். பிரஷை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

பதினெட்டு மூட்டை எழுதினேன். எழுதி முடித்து, அந்த பிரஷையும் நானே கழுவினேன்.